பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள்: எந்த டிஸ்க் வாங்குவது, எப்படிச் சோதிப்பது, எப்படிக் காப்பது

பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் ஒன்றை டிஸ்க்கில் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "4கே வந்துருச்சா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது "எதிலிருந்து எடுத்தாங்க?" என்று. அட்டையில் எவ்வளவு பெரிய எழுத்தில் 4கே என்று போட்டிருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் படம் எந்த ஃபிலிமிலிருந்து ஸ்கேன் ஆனது, ஸ்கேன் ஆன பிறகு அதன் மேல் யார் என்ன கைவரிசை காட்டினார்கள் என்ற இரண்டும்தான் தரத்தைத் தீர்மானிக்கும். ஒழுங்காகச் செய்த ப்ளூரே ஒன்று, ஏனோதானோ என்று வந்த 4கே டிஸ்க்கைவிட நன்றாக இருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

ஃபிலிமில் எடுத்த படத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. கேமராவுக்குள் ஓடியது ஒரிஜினல் கேமரா நெகட்டிவ். அதிலிருந்து இன்டர்பாசிட்டிவ், அதிலிருந்து இன்டர்நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டருக்குப் போன பிரிண்ட். தலைமுறைக்குத் தலைமுறை நுணுக்கம் குறையும், கான்ட்ராஸ்ட் ஏறும், தூசியும் கீறலும் சேர்ந்துகொண்டே வரும். நல்ல நிலையில் இருக்கும் 35 எம்எம் கேமரா நெகட்டிவை 4கேயில் ஸ்கேன் செய்தால் அதற்குப் பலன் கண்ணுக்குத் தெரியும். கடைசித் தலைமுறைப் பிரிண்டில் அவ்வளவு விவரம் மிஞ்சியிருக்காது. ஆனால் சில படங்களுக்குப் பிரிண்ட் மட்டும்தான் பிழைத்திருக்கிறது. அப்போது கிடைத்ததைக் கொண்டாடுவதைத் தவிர வழியில்லை.

நம் வகைப் படங்களுக்கு இன்னொரு சிக்கல். விண்கலம் தனியாக, நட்சத்திரங்கள் தனியாக, கண்ணாடியில் வரைந்த பின்னணி தனியாக எடுத்து, எல்லாவற்றையும் ஆப்டிகல் பிரிண்டரில், அதாவது ஓடும் ஃபிலிமை மறுபடி படம் பிடிக்கும் கருவியில், ஒன்றாகச் சேர்ப்பார்கள். சேர்க்கச் சேர்க்க அது நகலின் நகலாகிவிடும். அதனால்தான் பல படங்களில் தந்திரக் காட்சி வந்தவுடன் படம் திடீரென்று கரகரப்பாக மாறுகிறது. இதைச் சமாளிக்கத்தான் 'ஸ்டார் வார்ஸ்' குழுவினர் மாடல் காட்சிகளை அகலமான விஸ்டாவிஷன் ஃபிலிமிலும், 'பிளேட் ரன்னர்' குழுவினர் 65 எம்எம்மிலும் எடுத்தார்கள். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் இயக்குநர் குப்ரிக் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு அம்சத்தைப் பதிவு செய்த நெகட்டிவைக் கழுவாமல் அப்படியே பத்திரப்படுத்தி வைத்து, அதே ஃபிலிமைப் பிற்பாடு மறுபடி கேமராவில் ஏற்றி அடுத்த அம்சத்தைப் பதிவு செய்தார்கள். ஒரு இடத்தில் தப்பினால் முந்தைய வேலையும் சேர்ந்து போயிற்று. அந்தத் துணிச்சலுக்கான பலனைத்தான் 2018இல் வந்த 4கே டிஸ்க்கில் பார்க்கிறோம். 65 எம்எம் நெகட்டிவை 8கேயில் ஸ்கேன் செய்து தயாரித்தது அது. விண்வெளி நிலையத்தின் சின்னச் சின்ன ஜன்னல்களுக்குள் ஆட்கள் நடமாடுவது வரை தெரிகிறது.

அட்டையைப் படிப்பது

பின் அட்டையையும் உள்ளே இருக்கும் கையேட்டையும் வக்கீல் நோட்டீஸ் மாதிரிப் படியுங்கள். "ஒரிஜினல் கேமரா நெகட்டிவிலிருந்து புதிய 4கே ஸ்கேன்" என்று இருந்தால் நம்பி மேலே போகலாம். "டிஜிட்டலாக மெருகேற்றப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அதற்குப் பொருள் எதுவும் இல்லை. இருபது வருடப் பழைய டேப் மாஸ்டரைத் துடைத்துப் போட்டிருந்தாலும் அப்படி எழுதலாம்.

"4கே ரீமாஸ்டர்" என்ற சொற்றொடரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்கேன் 4கேயா, ஸ்கேனுக்குப் பிறகான சீரமைப்பு வேலையும் 4கேயிலேயே நடந்ததா, கையில் இருக்கும் டிஸ்க் 4கேயா? மூன்றும் வேறு வேறு. 4கே ஸ்கேனிலிருந்து தயாரான சாதாரண ப்ளூரேயில் 1920 x 1080 பிக்சல்தான் இருக்கும், 4கே டிஸ்க்கில் 3840 x 2160. அதற்காக அந்த ப்ளூரேயை ஒதுக்க வேண்டாம். மூலம் நன்றாக இருந்தால் டிஸ்க்கும் நன்றாக இருக்கும்.

"இயக்குநர் ஒப்புதல் பெற்றது" என்ற வரி வந்தால் பலர் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். நான் அங்கேதான் ஆரம்பிப்பேன். முப்பது, நாற்பது வருடம் கழித்து ஒரு இயக்குநருக்குத் தன் பழைய படம் இன்றைய டிஜிட்டல் படம் போல வழவழப்பாக இருக்க வேண்டும் என்று தோன்றலாம். அது அவர் உரிமை. ஆனால் 1986இல் தியேட்டரில் ஓடிய 'ஏலியன்ஸ்' படத்தின் முகம் வேறு, 2024இல் வந்த 4கே டிஸ்க்கின் முகம் வேறு. அந்தப் படம் கரகரப்புக்குப் பேர்போனது. புதிய டிஸ்க்கில் மென்பொருளை வைத்துக் கரகரப்பை நீக்கிக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள். சில இடங்களில் பளிச்சென்று இருக்கிறது, சில இடங்களில் நடிகர்களின் தலைமுடியும் தோலும் இயல்பாக இல்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன். படம் பார்க்க நான் எடுப்பது பழைய ப்ளூரேதான்.

ஸ்ட்ரீமிங்கில் 4கே என்று வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிக்சல் கணக்கு ஒன்றுதான், ஆனால் அங்கே வினாடிக்கு வரும் தகவல் பெரும்பாலும் 15 முதல் 25 மெகாபிட் அளவில் நின்றுவிடும். 4கே டிஸ்க்கில் 128 மெகாபிட் வரை இடம் இருக்கிறது. வெயிலில் எடுத்த காட்சியில் இந்த வித்தியாசம் உறைக்காது. கறுப்பு வானம், புகை, மூடுபனி என்று வந்தால் உறைக்கும், நம் படங்கள் முழுக்க அவைதானே. இருட்டில் பட்டை பட்டையாகப் படிகள் தெரிந்தால் அது படத்தின் குறை இல்லை, தகவல் போதாத குறை.

கிரெய்ன் சோதனை

என் அக்கா மகனுக்குப் பழைய படம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். முதல் நிமிடத்திலேயே, "என்ன மாமா, எறும்பு ஓடுது?" என்றான். பலருக்கும் இந்த எண்ணம்தான். கிரெய்ன், அதாவது அந்தக் கரகரப்புப் புள்ளிகள், படத்தின் மேல் விழுந்த அழுக்கு, அதைத் துடைத்துவிட்டால் அடியில் சுத்தமான படம் இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஃபிலிமில் அடியில் வேறொன்றும் கிடையாது. வெள்ளி உப்புத் துகள்கள் ஒளி பட்டு மாறியதுதான் படமே. கிரெய்னைத் துடைத்தால் கன்னத்தின் துளைகளும் சட்டையின் நெசவும் கூடவே போகும்.

இப்படித் துடைப்பதற்கு டிஎன்ஆர் என்று பெயர். அளவோடு செய்தால் யாருக்கும் தெரியாது. அளவு மீறினால் என்ன ஆகும் என்று பார்க்க, 2010இல் வந்த 'பிரிடேட்டர்' ப்ளூரேயைத் தேடிப் பாருங்கள். காட்டில் வேர்த்து விறுவிறுத்து நிற்கும் வீரர்கள் எல்லாம் மெழுகு பொம்மைகள் மாதிரி இருப்பார்கள். 2008இல் வந்த முந்தைய டிஸ்க் கரகரப்பானது, பழைய எம்பெக்-2 முறையில் சுருக்கியது. ஆனாலும் அதில் இருப்பது மனித முகம்.

சோதனை சுலபம். ஒரே நிறத்தில் நீளமான பரப்பு இருக்கும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். வானம், வெள்ளைச் சுவர், கலத்தின் உட்புறம், எதுவானாலும் சரி. படத்தை நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். கிரெய்ன் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக, வேறு மாதிரி இருக்க வேண்டும். ஆள் நகர்ந்த பிறகும் சுவரில் உள்ள புள்ளிகள் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் டிஎன்ஆர் வேலை செய்திருக்கிறது, அல்லது டிஸ்க்கில் சுருக்கியவர் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறார். அடுத்து, அசையும் ஒரு முகத்தைப் பாருங்கள். நிற்கும்போது தெளிவாக இருந்து, தலையைத் திருப்பும்போது மட்டும் தோல் குழைந்து போனால் அதே நோய்தான்.

டிஎன்ஆரில் போன கூர்மையைத் திரும்பக் கொண்டுவர விளிம்புகளைச் செயற்கையாகக் கூட்டுவார்கள். இதைப் பிடிக்க, வெளிச்சமான பின்னணியில் கறுப்புப் பொருள் வரும் காட்சி வேண்டும். அடிவானத்துக்கு எதிரே மலைமுகடு, வெள்ளைச் சுவருக்கு எதிரே கறுப்பு ஹெல்மெட். விளிம்பை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் கூட்டியிருக்கிறார்கள். பழைய டிவிடிகளில் இது சர்வசாதாரணம், ப்ளூரேயில் மன்னிக்க மாட்டேன்.

இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக மாறும் இடத்தில், கரைய ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பே படம் மங்கிக் கரகரப்பாகும். கரைந்து முடிந்து அடுத்த வெட்டு வந்ததும் மறுபடி தெளிவாகும். அந்தத் துண்டு ஆப்டிகல் பிரிண்டரில் நகலெடுத்தது, அதனால் அப்படி. தந்திரக் காட்சிகளுக்கும் இதே கதைதான். படம் முழுக்க, தந்திரக் காட்சி உட்பட, ஒரே மாதிரி வழவழப்பாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பழைய டேப்பிலும் லேசர்டிஸ்க்கிலும் 'ஸ்டார் வார்ஸ்' பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், எதிரிப் போர்விமானங்களைச் சுற்றி மங்கலான சதுரம் ஒன்று கூடவே பறக்கும். மாடலைத் தனியாகப் பிரிக்கப் போட்ட மறைப்பின் எல்லை அது. தியேட்டர் பிரிண்டின் அடர்ந்த கறுப்பில் மறைந்திருந்தது, வீடியோவுக்காக வெளிச்சத்தைக் கூட்டியபோது வெளியே வந்துவிட்டது. ஆகவே இன்னொரு சோதனை: விண்வெளிக் காட்சியில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பா, சாம்பலா என்று பாருங்கள். மறுபக்கம், கறுப்பை ஒரேயடியாக அமுக்கிவிட்டாலும் தப்பு. கறுப்பு உடையின் மடிப்புகள் தெரியவில்லை என்றால் நிழலில் இருந்த விவரம் போயிற்று.

கலர்

கிரெய்னைக்கூட ஒருவர் கொஞ்ச நாளில் பிடித்துவிடலாம். கலரில் பழைய கைகளே தடுமாறும். ஒரு படம் வந்தபோது எந்தக் கலரில் இருந்தது என்பதற்கு யாருடைய ஞாபகமும் சாட்சி ஆகாது. எந்த ஃபிலிம், எந்த முறை என்று தெரிந்திருந்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

1950களின் முற்பகுதி வரை டெக்னிகலர் மூன்று பட்டை முறை இருந்தது. கேமராவுக்குள் மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தைப் பதியும். கறுப்பு வெள்ளை வெளிறுவதில்லை, அதனால் அந்தப் படங்களின் கலரை இன்றும் மீட்க முடிகிறது. சிரமம் வேறு இடத்தில். மூன்று பட்டைகளும் காலப்போக்கில் வெவ்வேறு அளவில் சுருங்கியிருக்கும், ஒன்றன் மேல் ஒன்று பொருந்தாமல் விளிம்பில் நிறம் வழியும். டிஜிட்டலில் இப்போது அதைச் சரிசெய்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஈஸ்ட்மன்கலரில் மூன்று நிறமும் ஒரே ஃபிலிமில். விலை குறைவு, வேலை சுலபம். ஆனால் அந்தக் காலச் சாயம் நிலைக்கவில்லை. பழைய பிரிண்ட்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய், படம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். அந்த ஈஸ்ட்மன்கலர் காலத்துப் படம் ஒன்றின் டிஸ்க்கில் முகங்கள் எல்லாம் ரோஜா நிறத்தில், வானம் ஊதா நிறத்தில் இருந்தால் வெளிறிய பிரிண்டை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். புதிய டிஸ்க்குகளில் வேறொரு வியாதி: நிழல் எல்லாம் பச்சை கலந்த நீலம், தோல் எல்லாம் ஆரஞ்சு. இன்றைய படங்களின் ருசியைப் பழையதன் மேல் பூசுவது. வெள்ளையாக இருக்க வேண்டிய பொருளைத் தேடுங்கள். காகிதம், டாக்டர் கோட்டு, சட்டைக் காலர். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் படமும் சாய்ந்திருக்கிறது. எடுத்தவரே நிறச் சல்லடை போட்டிருந்தால் கணக்கு மாறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

நிறம் வேண்டுமென்றே ஏற்றப்பட்டதாகவும் இருக்கலாம். தார்க்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' படத்தில் ஒற்றை நிறக் காட்சிகள் நீலச் சாயலில் இருக்க வேண்டியவை. பழைய டிவிடி ஒன்றில் அவை வெறும் கறுப்பு வெள்ளையாக வந்தன, 2011இல் வந்த ப்ளூரேயில்தான் நீலம் திரும்பியது. டிவிடி மட்டும் பார்த்தவர்கள் ப்ளூரேயைக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

'தி வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' விஷயம் இன்னும் சுவாரசியம். 1953ஆம் வருடப் படம். செவ்வாய்க் கிரகத்தாரின் போர்க்கலங்களைக் கம்பியில் தொங்கவிட்டு எடுத்தார்கள். டெக்னிகலரில் சாயத்தைப் படிய வைத்துப் பிரிண்ட் போடும் முறையில் படம் சற்றே மென்மையாகும், அந்த மென்மையில் கம்பிகள் மறைந்துபோயின. பிற்பாடு வேறு ஃபிலிமில் பிரிண்ட் போட்டு, வீடியோவுக்கு வெளிச்சத்தையும் கூட்டியபோது கம்பி எல்லாம் கொடி கட்டின மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஒரு தலைமுறை ரசிகர்கள் "கம்பி தெரியற படம்" என்றே அதைக் கேலி செய்தார்கள். 2020இல் ப்ளூரேயாக வந்த 4கே சீரமைப்பில் கம்பிகளை டிஜிட்டலாக நீக்கிவிட்டார்கள். அது சரியா என்று ரசிகர்களிடையே அடிதடி. என் கட்சி: சரிதான். அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர் பார்க்காத ஒன்றை இன்றைய ஸ்கேனர் காட்டிக் கொடுக்கிறது என்றால், அதை மறைப்பது சீரமைப்பில்தான் சேரும். அன்றைக்கே எல்லோரும் பார்த்த குறையைத் திருத்துவது வேறு. அதற்கு முந்தைய வடிவமும் கூடவே கிடைக்க வேண்டும்.

எந்த வெர்ஷன்

இதில் முன்னுதாரணம் 'பிளேட் ரன்னர்'. 2007இல் வந்த 'ஃபைனல் கட்'டில் பறக்கும் காரைத் தூக்கிய கம்பிகளை எடுத்தார்கள், டூப் போட்ட சண்டைக் கலைஞரின் முகத்துக்குப் பதில் அந்தப் பாத்திரத்தில் நடித்த நடிகையின் முகத்தை வைத்தார்கள், இன்னும் என்னென்னவோ. ஆனால் அதே சமயம் வந்த ஐந்து டிஸ்க் பெட்டியில் 1982இன் தியேட்டர் வடிவங்கள், 1992இன் இயக்குநர் வடிவம், எடிட்டிங் காலத்து வொர்க்பிரிண்ட் எல்லாவற்றையும் கொடுத்தார்கள். பிடித்ததைப் பார்த்துக்கொள்ளலாம். இப்படி ஒரு பெட்டி வந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

எதிர் உதாரணம் 'ஸ்டார் வார்ஸ்'. 1997இல் மாற்றியமைத்த பதிப்பு வந்ததிலிருந்து மாற்றத்தின் மேல் மாற்றம். 1977இல் ஓடிய வடிவம் 2006இல் டிவிடியில் இணைப்பாக வந்தது. ஆனால் அது 1993இன் லேசர்டிஸ்க்குக்காகத் தயாரித்த மாஸ்டர்தான், அகலத்திரை டிவிக்கு ஏற்றபடி மாற்றக்கூட இல்லை, நடுவில் சின்னதாக ஒரு படம், நாலு பக்கமும் கறுப்பு. இதனால்தான் ரசிகர்கள் தாங்களே பழைய 35 எம்எம் பிரிண்ட்களைத் தேடிப் பிடித்து ஸ்கேன் செய்தார்கள். சட்டப்படி அது சிக்கலான இடம், நான் யாருக்கும் வழி சொல்லப் போவதில்லை. அந்த 2006 டிவிடி உங்களிடம் இருந்தால் மட்டும் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்.

'மெட்ரோபோலிஸ்' வாங்கும்போது ஓடும் நேரத்தைப் பாருங்கள். 1927 ஜனவரியில் பெர்லினில் முதலில் திரையிட்ட நீளமான வடிவத்தைச் சீக்கிரமே வெட்டிவிட்டார்கள், வெட்டியது தொலைந்தே போனது என்றுதான் பல பத்தாண்டுகள் நினைத்திருந்தார்கள். 2008இல் புவனஸ் ஐரிஸில் உள்ள திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 எம்எம் நகல் அகப்பட்டது. சுமார் 25 நிமிடக் காட்சிகள் திரும்பி வந்தன. 2010க்குப் பிறகு வந்த, சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும் பதிப்புதான் உங்களுக்கு வேண்டியது. அதில் திடீரென்று படம் மழையாகக் கொட்டும் கீறல்களோடு சின்னதாகி, ஓரத்தில் கறுப்புப் பட்டை வரும். டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த நகலில் ஃபிரேமின் ஒரு பகுதி வெட்டுப்பட்டிருந்தது, கீறல்கள் நகலிலேயே அச்சாகிவிட்டன. இல்லாததை இட்டு நிரப்பாமல் இல்லை என்றே காட்டியதற்காக அந்தச் சீரமைப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பிற்பாடு திருத்திய பதிப்புகளில் இன்னொரு பொறி உண்டு. 'ஸ்டார் ட்ரெக்' முதல் படத்தின் இயக்குநர் பதிப்பு 2001இல் டிவிடிக்காகத் தயாரானது. அதற்காகச் செய்த புதிய கிராஃபிக்ஸ் டிவிடி தரத்திலேயே முடிந்துவிட்டதால், நெகட்டிவ் பிரமாதமாக இருந்தும் அந்தப் பதிப்பை ப்ளூரேக்கு ஏற்ற முடியவில்லை. மறுபடி எல்லாவற்றையும் செய்து 2022இல்தான் 4கேயில் வந்தது.

திரை அளவையும் ஒரு பார்வை. அகலத்திரைப் படத்தைப் பழைய டிவிக்காக இரு பக்கமும் வெட்டிய டிவிடிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பிய டிவிடி என்றால் வினாடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25இல் ஓட்டியிருப்பார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும், குரல்களும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். நேரம் குறைகிறதே, வெட்டிவிட்டார்களோ என்று குழம்புமுன் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சத்தம்

மோனோவில், அதாவது ஒரே தட ஒலியில், வந்த படத்துக்கு மோனோ டிராக் இருக்கிறதா என்று பின் அட்டையில் தேடுங்கள். 'தி டெர்மினேட்டர்' மோனோவில் வந்த படம். பிறகு 5.1 சுற்றொலியாக மாற்றியபோது துப்பாக்கிச் சத்தங்களையே வேறு போட்டுவிட்டார்கள். வெடி பெரிதாகக் கேட்கிறது, படம் வேறாகிவிட்டது. '2001' 4கே டிஸ்க்கில் 1968இன் ஆறு டிராக் ஒலிக்கலவையையும் கொடுத்திருக்கிறார்கள், நான் அதில்தான் பார்ப்பேன்.

டிவியைச் சரிசெய்வது

நல்ல டிஸ்க்கை வாங்கி, டிவியிலேயே கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி அதற்கு ஒரு பெயர் இருக்கும். இரைச்சல் குறைப்பை அணையுங்கள். ஷார்ப்னஸைச் சுழியத்துக்கோ, அந்த டிவியில் எது நடுநிலையோ அதற்கோ இறக்குங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டால் இதில் பெரும்பாலானவை தானாகவே நடந்துவிடும். எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதல் வீச்சில் வரும்) டிஸ்க்குகளை யாரோ எடுத்துப் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஒருபோதும் தீர்மானிக்காதீர்கள். சாதாரணத் திரைக்கு மாற்றும்போதே கலர் திரிந்துவிடும்.

வெளிநாட்டு டிஸ்க் வாங்கினால் ப்ளூரேக்கு ஏ, பி, சி என்று மண்டலப் பூட்டு உண்டு, 4கே டிஸ்க்குக்குக் கிடையாது. பெட்டியில் 4கே டிஸ்க்கோடு சேர்ந்து வரும் ப்ளூரே மட்டும் பூட்டியிருக்கலாம், துணைப்படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். வாங்குமுன் பாருங்கள்.

காப்பது

டிஸ்க் நிரந்தரம் என்று சொன்னவர்கள் விற்றவர்கள். என் அலமாரியில் கீறல் ஒன்றுகூட இல்லாத டிவிடிகள் படிக்க முடியாமல் போயிருக்கின்றன. எல்லாம் ஒரே காலத்தில், ஒரே ஆலையில் அடித்தவை. இரண்டு பாதிகளை ஒட்டிய பசை சரியில்லை என்றால் ஓரத்திலிருந்து காற்றும் ஈரமும் உள்ளே போய்ப் பிரதிபலிக்கும் அடுக்கைத் தின்றுவிடும். வருடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள், ஓரத்தில் மேகம் போலப் படர்வது, பழுப்பு நிறம், இவை அறிகுறிகள். கண்ணுக்குத் தெரியாததும் இருக்கும் என்பதால் கம்ப்யூட்டரில் முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை படிக்க வைப்பது இன்னும் உறுதி. இரட்டை அடுக்கு டிஸ்க் கெடும்போது பெரும்பாலும் அடுக்கு மாறும் இடத்தில்தான் முதலில் திக்கும், படத்தின் நடுப்பகுதியை அவசியம் ஓட்டிப் பாருங்கள்.

நிமிர்த்தி வையுங்கள், வெயில் படாமல், ஈரம் இல்லாமல். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில், வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக விழும் கீறல் பதிவின் தடத்தோடு ஒட்டிப் போவதால் பிழை திருத்தும் ஏற்பாட்டுக்கு அதைத் தாண்டுவது கடினம். டிஸ்க் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

சொந்த டிஸ்க்குக்கு நகல் எடுக்கலாமா என்பதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, பல இடங்களில் பூட்டை உடைப்பதே குற்றம். உங்கள் ஊர் நிலவரத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். அனுமதி இருந்து எடுக்கிறீர்கள் என்றால் முழு டிஸ்க்கை அப்படியே எடுங்கள், சுருக்காதீர்கள். கோப்புக்குச் செக்சம், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், ஒன்று கணக்கிட்டுப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், பின்னால் ஒரு பிட் மாறினாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு நகல் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

வேறெங்கும் கிடைக்காத வடிவம் டேப்பிலோ லேசர்டிஸ்க்கிலோ இருந்தால் அவசரம் அதிகம். டேப்பை ஓட்டுமுன் வாசலைத் திறந்து உள்ளே பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை, அதைப் பிளேயரில் போட்டால் அடுத்து வரும் எல்லா டேப்புக்கும் பரவும். சுத்தமான டேப்பை நல்ல பிளேயரில், சிக்னலின் நடுக்கத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் வழியாக, ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இன்டர்லேஸ் கோடுகளை அப்படியே விட்டு, தகவல் இழப்பில்லாத கோடெக்கில் (சுருக்கும் முறையில்) பிடியுங்கள். அழகுபடுத்துவது எல்லாம் அப்புறம், நகலின் நகலில். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் இருந்தால் லேசர்டிஸ்க் பிளேயரின் லேசர் தரும் மூலச் சிக்னலையே பதிவு செய்து, மென்பொருளில் படமாக மாற்றும் வழியும் இப்போது இருக்கிறது. பிளேயரின் பழைய சர்க்யூட்டைத் தாண்டிப் போவதால் முடிவு ஆச்சரியமாக இருக்கும்.

16 எம்எம், 8 எம்எம் சுருள் கையில் இருப்பவர்கள் டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதைய ஆரம்பித்துவிட்டது, வெளிவரும் அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமாக, முடிந்த அளவு குளிர்ச்சியான வறண்ட இடத்தில் வையுங்கள். ஃபிலிம் சுருங்கிவிட்டால் புரொஜெக்டரின் பற்களில் பொருந்தாது, வலிந்து ஓட்டினால் துளைகள் கிழியும். பற்கள் இல்லாமல் உருளையில் ஓடும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொடுப்பதே பாதுகாப்பு. 1951க்கு முந்தைய 35 எம்எம் துண்டு ஏதாவது கிடைத்தால் அது நைட்ரேட் என்ற பழைய அடிப்பொருளில் ஆனதாக இருக்கலாம். சுலபமாகப் பற்றிக்கொள்ளும், பற்றினால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதை வீட்டில் வைக்காதீர்கள், ஓட்டிப் பார்க்காதீர்கள், தபாலில் அனுப்பாதீர்கள். திரைப்பட ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.